முதல் மிதி

தம்பிகளா,

ஷெட்டை மூடிவிட்டேன் என்று தெரிந்ததிலிருந்து உங்களில் நாலைந்து பேர் "பாய், அனுபவத்தை எழுதுங்க, புதுசா வர்றவங்களுக்கு உதவியா இருக்கும்" என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறீர்கள். என்னிடம் கதைகளுக்குப் பஞ்சமில்லை. இஞ்சின் சத்தத்தைப் போனில் கேட்டே கோளாறு சொன்ன கதை இருக்கிறது. மழை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை ஒரே வாரத்தில் ஓடவிட்ட கதை இருக்கிறது. அவற்றையெல்லாம் பூந்தமல்லி டீக்கடையில் பலமுறை சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மூழ்கிய வண்டிகளின் எண்ணிக்கை ஒன்று கூடிக்கொண்டே வந்தது. இங்கே எழுதப்போவது டீக்கடையில் ஒருமுறைகூடச் சொல்லாத கதை.

பிரேக்கில் ஏர் எடுப்பது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குப் போனில் நூறு வீடியோ கிடக்கிறது. பிரேக் லைனுக்குள் காற்று புகுந்துவிட்டால் நாம் மிதிக்கிற மிதி ஆயிலைத் தள்ளாமல் காற்றைத்தான் நசுக்கும், வண்டி நிற்காது. அதனால் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிளைத் திறந்து அந்தக் காற்றை வெளியே விடுகிறோம். ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் திறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஷெட்டில் மிதிப்பதற்கு ஆள் இருக்கும். வீட்டுக்கு வேலைக்குப் போனால் கஸ்டமரைத்தான் மிதிக்கச் சொல்ல வேண்டியிருக்கும். அப்படி மிதித்த ஒருவருக்குத்தான் நான் துரோகம் செய்தேன்.

முதலில் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தொழில் பழகிய அம்பத்தூர் ஒர்க்‌ஷாப்பில் தலைமை மேஸ்திரி ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, கையை வைத்தால் தங்கம். பிரேக் வேலை முடிந்ததும் யாரையும் பெடல் பக்கம் போக விடமாட்டார். எல்லாரும் போய் டீ குடித்துவிட்டு வர வேண்டும். திரும்பி வந்து, ஒரே ஒரு முறை மிதித்துப் பார்க்க வேண்டும். "பத்து தடவ மிதிச்சா எந்தப் பெடலும் கெட்டியாத்தான்டா நிக்கும். டீ குடிச்சிட்டு வந்து மிதிக்கற மொத மிதிலதான் அது யோக்கியதை தெரியும்" என்பார். விடாமல் மிதித்தால் உள்ளே காற்று இருந்தாலும் பெடல் ஏறி நின்று நம்மை ஏமாற்றிவிடும். சற்று நேரம் சும்மா விட்டால் சாயம் வெளுத்துவிடும். முப்பது வருடத்துக்கும் மேலாக, நானும் டீ குடிக்காமல் ஒரு பிரேக் வேலையையும் முடித்ததில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர.

மாங்காட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மழைத்தண்ணீர் புகாமலிருக்கத் தரையை நன்றாக உயர்த்திக் கட்டியிருந்தார்கள். கார்கள் கீழ்த்தளத்தில் நிற்கும். அங்கிருந்து தெருவுக்கு இறங்க வாசலில் ஒரு சரிவு. அந்தக் குடியிருப்பில் பாதி வீட்டுக்கு நான்தான் மெக்கானிக். அவர்களுடைய வாட்ஸாப் குழுவில் 'பாய் மெக்கானிக்' என்று என் நம்பரை மேலேயே குத்தி வைத்திருந்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அங்கே ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். கணவர் ஐடியில் வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே பார்ப்பார். மனைவி கோகிலா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை. ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. கார் ஓட்டுவது கோகிலாதான். ஓட்டக் கற்றுக்கொண்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவார். அந்தக் காரை எடுக்கும்போது அவர் முகத்தில் இருக்கிற சந்தோஷத்தை நானே பார்த்திருக்கிறேன்.

முன் சக்கரம் இரண்டிலும், டிஸ்கைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற கேலிபர் இறுகிவிட்டது. வேறு ஒரு ஜோடியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போனேன். கூட வருகிற பையன் அன்று லீவு. கணவர் மாடியில் மீட்டிங்கில் இருந்தார். கோகிலாவே கீழே வந்து, "நான் மிதிக்கிறேனுங்கண்ணா, எப்படின்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

நான் சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்து "மிதிங்கம்மா" என்பேன். அவர் மிதிப்பார். "புடிங்க" என்பேன். "புடிச்சிருக்கேனுங்க" என்று பதில் வரும். நிப்பிளைத் திறந்து மூடிவிட்டு "விடுங்க" என்றால்தான் காலை எடுப்பார். ஒருமுறைகூட அவசரப்பட்டுக் காலை எடுக்கவில்லை. தம்பிகளா, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களில் பலருக்கு இது வராது. திறந்திருக்கும்போதே காலை எடுத்து, வெளியே போன காற்றை உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பவர்கள் நீங்கள்.

ஆயில் சீக்கிரமே குமிழி இல்லாமல் சுத்தமாக வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தது என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதற்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளானூரில் ஒருவர் வண்டி நடுத்தெருவில் நின்றுவிட்டது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "பாய் கெளம்பிட்டியா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சக்கரங்களை மாட்டினேன். "நாலஞ்சு தடவை மிதிச்சுப் பாருங்கம்மா, கெட்டியா இருக்கா?"

"இருக்குதுங்கண்ணா."

வழக்கமாக நானே ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பேன். அன்று வண்டிக்கு முன்னால் வேறு ஒருவரின் கார் மறித்து நின்றது. அவர் வெளியூர் போயிருந்தார், ராத்திரிதான் வருவாராம். வண்டியை எடுக்க வழியில்லை. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது கோகிலா இஞ்சினை ஸ்டார்ட் செய்து, மறுபடியும் மிதித்துப் பார்த்திருக்கிறார்.

"அண்ணா, இப்ப கொஞ்சம் மெத்துன்னு போகுதுங்களே."

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இஞ்சின் ஓடினா வாக்குவம் இழுக்கும்மா. கொஞ்சம் எறங்கும். எல்லா வண்டியும் அப்படித்தான்."

"இல்லீங்க, முன்னாடி இப்படி இருக்காதுங்க."

"புது ஆயில், புது கேலிபர். ஓட ஓட செட் ஆயிடும்."

ஓட ஓட செட் ஆயிடும்! நம் தொழிலில் சொல்லப்படுகிற பொய்களில் பாதி இந்த நான்கு சொல்லுக்குள்தான் குடியிருக்கிறது. செட் ஆவது வண்டி அல்ல. குறையைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்க் கஸ்டமர்தான் செட் ஆகிறார். முப்பது வருட அனுபவக்காரன் சொல்லும்போது எட்டு மாதம் ஓட்டியவர் என்ன பேசுவார்? கோகிலா கீழே இறங்கி, "இருங்கண்ணா, டீ போட்டு எடுத்துட்டு வர்றேன்" என்றார்.

"வேணாம்மா, இன்னொரு நாள். வெள்ளானூர்ல ஒரு வண்டி நிக்குது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். டீயே என்னைத் தேடி வந்தது. நான்தான் வேண்டாமென்றேன்.

மறுநாள் காலை எட்டரை மணி. கணவர் போன் செய்தார். "பாய், கோகிலா வண்டியச் செவுத்துல விட்டுட்டா. கொஞ்சம் வாங்க."

போனேன். சரிவில் இறங்கிய கார் தெருவைக் கடந்து, எதிர்வீட்டு மதிலில் மூக்கை வைத்து நின்றிருந்தது. முன்சீட்டில் இருந்த குழந்தைக்குத் தாடை கிழிந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்று தையல். கூட்டம் கூடியிருந்தது. அதில் வாட்ச்மேன்தான் நாயகன். தான் பார்த்ததை ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நா இங்கியேதான் நின்னுகினு இருந்தேன் பாய். அம்மா பிரேக்குனு நெனச்சிகினு ஆக்சிலேட்டர்ல கால வெச்சிடுச்சி. இல்லாங்காட்டி வண்டி இம்மாம் வேகமா எறங்குமா? புது டிரைவரு, பாவம், இன்னா பண்ணும்!"

கோகிலா காம்பவுண்டு ஓரமாக நின்றிருந்தார். சுடிதாரில் குழந்தையின் ரத்தம். மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போகவும் விடாமல், "நாங்க பாத்துக்கறோம், நீ இரு" என்று நிறுத்திவைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"அண்ணா, பிரேக் புடிக்கலீங்க. நான் மிதிச்சேனுங்க. தரை வரைக்கும் போச்சுங்க. மூணு தடவ மிதிச்சேன். நேத்தே சொன்னேனுங்களே உங்ககிட்ட!"

கணவர் அவர் தோளைப் பிடித்து, "பதட்டத்துல ஒண்ணும் தெரியாது கோகி. விடு, அப்பறம் பேசிக்கலாம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அன்பாகத்தான் சொன்னார்.

நான் கீழே பார்த்தேன். மதிலுக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்கு இரண்டு சக்கரத்தின் கருப்புத் தடமும் ரோட்டில் இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தவர் வண்டிக்கு அந்தத் தடம் விழாது. முதல் மிதி கீழே போய், இரண்டாம் மிதி பாதி ஏறி, மூன்றாம் மிதியில் பிரேக் பிடித்தால்தான் கடைசி ஒரு முழத்தில் அப்படி விழும். தரையிலேயே சாட்சி எழுதியிருந்தது. அந்தக் கூட்டத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

இழுவை வண்டியிலிருந்து ஷெட்டில் காரை இறக்கியதும் ஏறி உட்கார்ந்து ஒருமுறை மிதித்தேன். கால் தரை வரை போனது. இறங்கிச் சக்கரத்தைக் கழற்றினேன். நிப்பிள் கேலிபரின் அடியில் இருந்தது. இடப்பக்கத்து கேலிபரை வலப்பக்கமும், வலப்பக்கத்ததை இடப்பக்கமும் மாட்டியிருக்கிறேன். கீழ்த்தளத்து இருட்டில், அவசரத்தில், ஒரு ஜோடியைக் கை மாற்றி மாட்டிவிட்டேன். போல்ட்டெல்லாம் சரியாகவே உட்காரும். ஆனால் மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே போய்விடும். காற்று எப்போதும் மேலேதான் நிற்கும். அடியில் திறந்தால் சுத்தமான ஆயில் வரும், காற்று அப்படியே உள்ளே இருக்கும். குமிழி வரவில்லை என்று நான் சந்தோஷப்பட்ட ரகசியம் அதுதான்.

யானைக்கும் அடி சறுக்கும். இதுவரைக்கும் நடந்தது சறுக்கல். இதற்கு அப்புறம் நான் செய்தது சறுக்கல் இல்லை.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கேலிபர்களைச் சரியான பக்கத்தில் மாற்றி மாட்டினேன். ஏர் எடுத்தேன். டீ குடித்தேன். ஒருமுறை மிதித்தேன். பாறை மாதிரி நின்றது. சாயங்காலம் கணவர் வந்தார்.

"பிரேக்ல ஏதாவது இருந்துச்சா பாய்? அவ அதையே சொல்லிட்டிருக்கா."

"பிரேக் நல்லாத்தான் சார் இருக்கு. நீங்களே மிதிச்சுப் பாருங்க."

அவர் மிதித்துப் பார்த்தார். தலையாட்டினார். நான் அந்த வார்த்தையைச் சொன்ன நேரத்தில் அது உண்மை. காலை எட்டரை மணிக்கு அது உண்மை இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மெக்கானிக்கால் முடியும் தம்பிகளா. ஏனென்றால் பானையைத் திறந்து பார்க்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த வாட்ஸாப் குழுவை நினைத்தேன். பாதிக் குடியிருப்பும் ஒரே நாளில் என் நம்பரை அழித்துவிடும் என்று நினைத்தேன். மூன்று தையல் ஆறிவிடும், மதிலைப் பூசிவிடலாம், வண்டியும் சரியாகிவிட்டது, இனி யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் கணக்கில் கோகிலாவை நான் சேர்க்கவே இல்லை.

ஆறு மாதம் கழித்து அந்தக் கார் சர்வீஸுக்கு வந்தது. கணவர் கொண்டுவந்தார். "இப்பெல்லாம் கோகிலாகிட்ட வண்டியக் குடுக்கறதில்லீங்க பாய். அவளே வேண்டாம்னுட்டா" என்றார். ஷெட்டில் இருந்த பையன் ஒருவன், லேடீஸ் வண்டி ஓட்டுவதைப் பற்றி உங்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு ஜோக்கைச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த சர்வீஸில் இன்னொன்று தெரிந்தது. இரண்டு பஸ் மாறி அம்பத்தூர் போய்வர முடியாமல் கோகிலா வேலையை விட்டுவிட்டார். மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த நேரம் அது. மகள் வேனில் போகிறாள். "வீட்லயே இருக்கா. முன்ன மாதிரி பேசறதும் இல்ல" என்றார் கணவர். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். நான் கையில் இருந்த துணியால் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வருடம் போனது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை, ஷெட்டை மூடினேன். வேலை இல்லாதவனுக்கு யோசனை அதிகம். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பயானில் ஹஜ்ரத் சொன்னார்: படைத்தவனுக்குச் செய்த தப்பை அவனிடம் அழுது கேட்டால் மன்னிப்பான், மனிதருக்குச் செய்த தப்பை அந்த மனிதர் மன்னிக்காமல் அவனும் மன்னிக்கமாட்டான். சிறு வயதிலிருந்து கேட்ட பேச்சுதான். அன்றைக்கு அது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. மறுநாளே மாங்காட்டுக்கு பஸ் ஏறினேன்.

கோகிலாதான் கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேலிபரை மாற்றி மாட்டியது, ரோட்டில் தடத்தைப் பார்த்தது, ஷட்டரை இறக்கிவிட்டுச் சரிசெய்தது, அவர் கணவரிடம் சொன்ன வார்த்தை. "தப்பு என்னுதும்மா. உங்க கால் மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க பிரேக்கைத்தான் மிதிச்சீங்க. மூணு தடவையும் சரியா மிதிச்சீங்க."

கத்துவார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றினாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு தடவ மிதிச்சேன்னு நான் சொன்னேனுங்களா?" என்று கேட்டார்.

"சொன்னீங்கம்மா. அன்னைக்குத் தெருவுல வெச்சு எங்கிட்ட சொன்னீங்க."

"எனக்கு அது ஞாபகமே இல்லீங்கண்ணா. எல்லாருஞ் சொல்லிச் சொல்லி... ஆக்சிலேட்டர மிதிச்சதுதான் எனக்கு ஞாபகம் இருக்குது. கால் அங்க போனது, வண்டி சீறுனது எல்லாம் கண்ணு முன்னாடி வருதுங்க. கனவுல கூட அதுதான் வரும்."

அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு முழுசாகப் புரிந்தது. அவர் கையிலிருந்து சாவியை மட்டும் நான் பிடுங்கவில்லை. நடந்ததையே பிடுங்கிக்கொண்டு, நடக்காத ஒன்றைக் கொடுத்திருக்கிறேன்.

கணவரை அறையிலிருந்து கூப்பிட்டார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் மனைவியைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்து நின்றார். "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாய்" என்றார். அந்த வீட்டில் அன்று யாரும் டீ பற்றிப் பேசவில்லை.

நான் கிளம்பும்போது கோகிலா சாவியை எடுத்துக்கொண்டு கூடவே கீழே வந்தார். அதே கார், அதே இடம். கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். மூன்று வருடத்தில் முதல் முறை என்று பின்னால் வந்த கணவர் சன்னமாகச் சொன்னார். இஞ்சினை ஸ்டார்ட் செய்து, காலைப் பெடலில் வைத்து ஒரே ஒருமுறை மிதித்துப் பிடித்துக்கொண்டார்.

"இது சரியா இருக்குதுங்களா அண்ணா?"

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியதை இப்போதாவது செய்வோம் என்று ஜன்னல் பக்கம் குனிந்தேன். "நான் சொல்லக் கூடாதும்மா. நீங்க சொல்லுங்க. உங்க காலுக்கு எப்படி இருக்கு?"

காலை எடுக்காமல் அப்படியே யோசித்தார். மறுபடி ஒருமுறை மிதித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"எனக்குத் தெரியலீங்கண்ணா" என்றார்.

அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.